கம்பியை முழுசாக ஒப்படைக்கவும்

உடைப்பதற்கென்றே செய்யப்பட்ட இயந்திரங்கள் உலகத்தில் கொஞ்சம்தான். அப்படி ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, அதில் எதுவும் உடைந்துவிடக் கூடாதே என்று வருஷக்கணக்கில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்த இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அது ஒரு பொறியியல் கல்லூரி.

நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு பெட்ரோல் பங்குக்கும் ஒரு செங்கல் சூளைக்கும் நடுவில் இருந்தது. வாசல் வளைவு கட்டடத்தைவிட உயரம். முதலில் வளைவைத்தான் கட்டினார்கள். அது கட்டி முடிந்து நின்று, போகிறவர் வருகிறவரெல்லாம் உள்ளே என்ன என்று கேட்க ஆரம்பித்த பிறகு, சரி போகட்டும் என்று ஒரு கல்லூரியையும் கட்டினார்கள். தாளாளர் சிமெண்ட் வியாபாரத்திலிருந்து கல்விக்கு வந்தவர். ஈரம் பட்டால் சரக்கு கெட்டுவிடும், கை பட்டால் மூட்டை கிழிந்துவிடும் என்ற அந்தத் தொழிலின் கவலைகளை அவர் அப்படியே கல்விக்குள்ளும் கொண்டுவந்து சேர்த்தார்.

இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். ஓர் இரும்புக் கம்பியை மேலும் கீழும் கவ்விப் பிடித்து இழுக்கும். விடாமல் இழுக்கும். கம்பி எவ்வளவு தாங்குகிறது, எந்த இடத்தில் மெலிகிறது, எப்போது ஒடிகிறது என்று முள் காட்டும். நாளைக்குப் பாலமும் கூரையும் கட்டப்போகிற பையன் ஒரு தரமாவது கண்ணால் பார்த்திருக்க வேண்டிய காட்சி.

கல்லூரி திறந்த நாளில் வந்த சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்தி ஒரு கம்பியை உடைத்தார். அத்தோடு சரி. அந்த இரண்டு துண்டுகளையும் கண்ணாடிப் பெட்டியில் பட்டுத்துணி விரித்து வைத்துவிட்டார்கள். அதற்கு 'மூத்த கம்பி' என்று பெயர். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பசங்கள் வரிசையாக வந்து, கண்ணாடிமேல் ஸ்கேலை வைத்து மூத்த கம்பியை அளந்து, 'சோதனை செய்யப்பட்டது' என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டு போவார்கள். எல்லாருக்கும் ஒரே விடை. ஒரு வருஷம் ஒரு பையன் வேறு எண் எழுதிவிட்டான். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

இயந்திரத்தின் வாயில் இன்னொரு கம்பி இருந்தது. உடையாத முழுக் கம்பி. அழகுக்காக மாட்டி வைத்தது. அதன்மேல் சிவப்பு வெல்வெட் உறை. ஆய்வுக் குழு வந்தால் உறையை நீக்குவார்கள், பச்சை விளக்கு எரியும், குழு தலையை ஆட்டும், உறையை மூடுவார்கள். மற்ற நாளில் பக்கத்தில் நின்று தும்மினால்கூட ஆய்வக உதவியாளர் முறைப்பார்.

இந்த ஆய்வகத்துக்குப் பொறுப்பானவர்தான் நம் கதாநாயகர். கம்பியை இழுப்பதைப் பற்றியே பாடம் நடத்தியதால் பசங்கள் அவருக்கு 'இழுவை சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பாவம், நல்ல மனிதர். யாராவது திட்டினால் முதலில் தன்மேல் என்ன தப்பு என்று யோசிக்கிற ரகம். இப்படிப்பட்டவர்களைக் கண்டால் நிர்வாகங்களுக்கு ஒரு தனிப் பாசம் உண்டு.

அவர் மனைவி நர்ஸ். ராத்திரி பஸ் ஏறினால் காலையில் போய்ச் சேருகிற தூரத்தில் வேறோர் ஊரில் வேலை. பெண் குழந்தை ஒன்று, அம்மாவோடு. இழுவை சார் மாதத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ போய் வருவார். போன தடவை கதவைத் திறந்த குழந்தை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, "அம்மா, அங்கிள் வந்திருக்காரு" என்றது. மனைவி சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார்.

ஆகவே, மனைவி இருக்கிற ஊரிலேயே ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. சோதனைப் பிரிவில் வேலை. நாள் முழுக்கக் கம்பியை இழுத்து உடைத்துக்கொண்டே இருக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. வருகிற திங்கட்கிழமை காலை அசல் சான்றிதழ்களோடு வந்து சேர வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

அசல் சான்றிதழ்கள் தாளாளர் அறை இரும்பு பீரோவில் இருந்தன. வேலையில் சேருகிற அன்றே ஆசிரியர்களிடம் அவற்றை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டுவது அந்தக் கல்லூரியின் வழக்கம். "வீட்டுல கரையான் அரிக்கும், மழை ஒழுகும். இங்க வெச்சா பத்திரமா இருக்கும்" என்பார் தாளாளர். அவர் சொன்னது பொய்யில்லை. பீரோவுக்குள் போன ஒரு காகிதத்தையும் கரையான் தொட்டதில்லை. யாருமே தொட்டதில்லை.

அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், இந்தத் திங்கட்கிழமையே ராஜினாமா கடிதம் கொடுத்தார். முதல்வர் வாங்கிப் படித்து, எழுந்து வந்து தோளைத் தட்டினார்.

"தாராளமா போங்க சார். நான் உங்க பக்கம்தான். எல்லா இடத்துலயும் பாக்கி எதுவும் இல்லைன்னு நோ டியூ மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க. பீரோவைத் திறந்துடலாம்."

செவ்வாய்க்கிழமை கடைசி வகுப்பு. மனிதனுக்குச் சந்தோஷம் வந்தால் புத்தி கொஞ்சம் தளரும். பசங்கள் மூத்த கம்பியை அளந்து முடித்ததும் ஒருவன் கேட்டான்: "சார், நிஜமாவே அது உடையுமா சார்? இல்ல சும்மா சொல்றாங்களா?"

இழுவை சாருக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாகத் தான் நடத்தியதை ஒரு பையனும் நம்பியிருக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. வெல்வெட் உறையை உருவி ஓரமாகப் போட்டார். பச்சைப் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் முதலில் இருமியது, பிறகு முனகியது, பிறகு தன் பிழைப்பு என்ன என்று ஞாபகம் வந்ததுபோல் இழுக்க ஆரம்பித்தது. முள் ஏறியது. கம்பி நடுவில் மெலிந்தது. பசங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். படார் என்று ஒடிந்தது.

பசங்கள் கத்திய கத்தலில் பெட்ரோல் பங்குக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தாராம். கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன், வாழ்க்கையில் முதல் தடவையாக, "சார், ஏன் நடுவுல மட்டும் மெலிஞ்சுது?" என்று கேட்டான். இழுவை சார் விளக்கினார். அன்றைக்கு அந்தக் கல்லூரியில் பாடம் நடந்தது.

மறுநாள் நோ டியூ கையெழுத்து வாங்க, கல்லூரிச் சாமான்களின் கணக்கு இருக்கிற ஸ்டோர்ஸ் அறைக்குப் போனார். ஸ்டோர்ஸ் அம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"கம்பி?"

"உடைஞ்சுடுச்சு மேடம்."

"அது எனக்குத் தெரியும். சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சே. நான் முழுக் கம்பியைக் கேக்கறேன்."

"மேடம், அது கம்பியை உடைக்கிற மெஷின்."

"இருக்கட்டும். மெஷினை நான் கேக்கலையே. மெஷின் முழுசா இருக்கு, டிக் போட்டாச்சு. உறை முழுசா இருக்கு, டிக் போட்டாச்சு. கம்பி எங்க?"

"அதோட வேலையே உடைக்கிறதுதானே மேடம்?"

"அது மெஷினோட வேலை. அதை ஓடாமப் பாத்துக்கறது உங்க வேலை. அது தன் வேலையைச் செஞ்சிருக்கு. நீங்கதான் செய்யலை."

இழுவை சார் தலையைச் சொறிந்தார். கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குச் சங்கடமாகவும் இருந்தது.

"கடையில இதே மாதிரி கம்பி ஒண்ணு வாங்கிக் கொடுத்துடறேன் மேடம்."

ஸ்டோர்ஸ் அம்மா பேனாவை மூடி வைத்தார். "உங்களுக்குக் குழந்தை இருக்கில்ல? காலையில ஸ்கூல்ல விடறீங்கன்னு வெச்சுக்குங்க. சாயங்காலம் போனா, 'உங்க பொண்ணு இல்ல, அதே உயரத்துல இன்னொண்ணு இருக்கு, கூட்டிட்டுப் போங்க'ன்னு சொன்னா கூட்டிட்டு வருவீங்களா?"

இழுவை சார் நேராக முதல்வரிடம் ஓடினார்.

முதல்வர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "நான் உங்க பக்கம்தான். ஆனா அந்தம்மா கேக்கறதும் நியாயம்தானே? கம்பி வேணும். அதே கம்பி. முழுசா. ஒட்டிக் கொண்டுவாங்களேன்."

"ஒட்டறதா?"

"வொர்க்‌ஷாப்புல வெல்டர் சும்மாதானே உக்காந்திருக்கார்? நாம என்ன இன்ஜினியரிங் காலேஜா, இல்ல சந்தைக்கடையா?"

வெல்டர் இரண்டு துண்டுகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை எதுக்கு சார் ஒட்டணும்? இது உடைஞ்ச கம்பி இல்லியா?" என்றார். ஆனால் அவரும் அங்கே சம்பளம் வாங்குகிறவர். காரணம் கேட்டுக்கொண்டு நின்றால் பிழைப்பு நடக்காது என்று தெரிந்தவர். ஒட்டி, தேய்த்து, பளபளப்பாக்கிக் கொடுத்தார். பிறந்த குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு இழுவை சார் ஸ்டோர்ஸுக்குப் போனார். முதல்வரும் கூட வந்தார்.

ஸ்டோர்ஸ் அம்மா கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முழுசாத்தான் இருக்கு. ஆனா முன்ன இருந்த பலம் இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

முதல்வர் முகவாயைத் தடவினார். "பலத்தைப் பாக்க ஏதாவது வழி இருக்கா சார்?"

இழுவை சார் ஓரடி பின்னால் நகர்ந்தார். "இருக்கு சார்... ஒரு மெஷின் இருக்கு. ஆனா வேண்டாம் சார்."

"இருக்கில்ல? பின்ன ஏன் தயங்கறீங்க? அதுக்குத்தானே வாங்கிப் போட்டிருக்கோம்!"

மூவரும் ஆய்வகத்துக்குப் போனார்கள். இழுவை சார் கும்பிடாத குறையாகத் தடுத்தார். முதல்வர் தன் கையாலேயே பொத்தானை அழுத்தினார். முள் ஏறியது. வெல்டர் நல்ல தொழிலாளி. ஒட்டு அசையவே இல்லை. ஒட்டுக்கு ஒரு சாண் தள்ளி, புது இடத்தில், படார்.

ஸ்டோர்ஸ் அம்மா குனிந்து துண்டுகளை எண்ணினார். பிறகு முதல்வர் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"பொத்தானை அழுத்தினது நான்தான். இல்லேன்னு சொல்லலை. ஆனா ஒரு துறைக்காரர் பக்கத்துல நிக்கும்போது, அவர் சொன்ன மெஷின்ல, அவர் கொண்டுவந்த கம்பி உடைஞ்சிருக்கு. நான் உங்க பக்கம்தான் சார். ஆனா இது ரெண்டாவது தடவை. இனிமே இதை நான் மூடி மறைக்க முடியாது."

வெள்ளிக்கிழமை விசாரணைக் கமிட்டி உட்கார்ந்தது. தலைவர் முதல்வர். உறுப்பினர் ஸ்டோர்ஸ் அம்மா. மூன்றாவதாகத் துறை நிபுணர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று விதி. கல்லூரியின் இணையதளத்தில் அந்தத் துறைக்கு ஏழெட்டுப் பேராசிரியர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தேடிப் பார்த்தார்கள். ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். ஒருவர் தன் படம் அங்கே இருக்கிற விஷயத்தையே இப்போதுதான் கேள்விப்படுவதாகச் சொன்னார். ஒருவர் காலமாகிவிட்டிருந்தார். மீதிப் பேர் யாரென்றே கண்டுபிடிக்க முடியவில்லை. ரத்தமும் சதையுமாகத் துறையில் இருந்த ஒரே ஆள் இழுவை சார்தான்.

"அப்போ நிபுணர் நீங்கதான்" என்றார் முதல்வர்.

"சார், குற்றம் சாட்டியிருக்கறதே என் மேலதானே?"

"அதனால என்ன? விஷயம் முழுசாத் தெரிஞ்சவர் நீங்கதானே? நீதி கிடைக்கணும்னா வெளியாளை நம்ப முடியாது."

மேசைக்கு இந்தப் பக்கம் நிபுணருக்கு மெத்தை நாற்காலி. அந்தப் பக்கம் குற்றவாளிக்கு மர நாற்காலி. கேள்வி கேட்கும்போது இங்கே உட்கார வேண்டும், பதில் சொல்லும்போது அங்கே போய்விட வேண்டும். நிபுணருக்குத் தேநீர் வந்தது. குற்றவாளிக்குத் தேநீர் கொடுக்கும் வழக்கம் இல்லை என்பதால், பதில் சொல்லிவிட்டு வருவதற்குள் அது ஆறிப்போனது.

முதலில் ஆய்வக உதவியாளர் சாட்சி சொன்னார். "நான் வெளிய நின்னுட்டிருந்தேங்க. டமால்னு ஒரு சத்தம். அதுக்குக்கூட நான் பயப்படலைங்க. அப்புறம் பசங்க சிரிச்சாங்க, கை தட்டினாங்க. நான் வேலைக்குச் சேந்து இத்தனை வருஷத்துல லேபுக்குள்ள பசங்க சந்தோஷமா இருந்து பாத்ததே இல்லீங்க. ஏதோ விபரீதம்னு அப்பத்தான் ஓடினேன்."

கமிட்டி அதைக் கவலையோடு குறித்துக்கொண்டது.

நிபுணர் நாற்காலியிலிருந்து இழுவை சார் கேட்டார்: "கம்பி ஏன் உடைஞ்சுது?"

எழுந்துபோய் மர நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்: "இழுத்ததால."

திரும்ப வந்து, நிபுணராக, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இழுத்தா உடையத்தான் செய்யும். இதுல இவர் மேல ஒரு தப்பும் இல்லைன்னு எனக்குத் தோணுது."

முதல்வரும் ஸ்டோர்ஸ் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நிபுணர் ஒருதலைப்பட்சமாப் பேசற மாதிரி இருக்கே" என்றார் ஸ்டோர்ஸ் அம்மா. "அவருக்கு இவர் ஏதாவது சொந்தமா?"

"அதோட இன்னொரு சிக்கலும் இருக்கு" என்றார் முதல்வர். "தப்பே நடக்கலைன்னு எழுதினா, கம்பி உடையலைன்னு ஆயிடும். உடையாத கம்பின்னா நீங்க அதை ஒப்படைச்சாகணும். எங்க அது? நல்லா யோசிச்சு நாளைக்குக் காலையில அறிக்கை கொடுங்க. நான் உங்க பக்கம்தான்."

சாயங்காலம் மைதானத்து ஓரத்தில் நின்றுகொண்டு மனைவிக்குப் போன் செய்தார். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் இடையில் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். அங்கேயும் கமிட்டிகள் இருந்தன.

"என்னங்க, ஒண்ணு கேக்கறேன். அந்த பீரோவிலேருந்து இதுவரைக்கும் யாராவது சர்டிபிகேட்டை வெளிய வாங்கிட்டுப் போயிருக்காங்களா?"

இழுவை சார் யோசித்தார். "ஒருத்தர் போனார். கணக்கு வாத்தியார். மீட்டிங்ல தாளாளரை எதிர்த்துப் பேசினார்னு டிஸ்மிஸ் பண்ணாங்க. தாளாளர் ஃபைலைத் தூக்கி அவர் மூஞ்சியிலேயே எறிஞ்சார். 'உன் காத்துகூட இங்க படக் கூடாது, எடுத்துட்டுப் போ'ன்னு."

"அப்படியா?" அவள் குரல் நிமிர்ந்தது. "அப்போ எறியட்டுங்க. நீங்க பிடிச்சுக்கோங்க."

"என்னம்மா சொல்றே?"

"நீங்கதானே நிபுணர்? குற்றவாளி அயோக்கியன்னு எழுதுங்க. டிஸ்மிஸ் பண்ணச் சொல்லி எழுதுங்க. யாருக்கு என்ன நஷ்டம்? இங்க வேலை ரெடியா இருக்கு. இந்தத் திங்கட்கிழமையை விட்டா அப்புறம் ஜன்மத்துக்கும் இப்படியேதான். உங்க பொண்ணு எதிர் வீட்டுக்காரரைப் பாத்து அப்பான்னு கூப்பிட்டா நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

அவர் அறைக்குப் போய் எழுத உட்கார்ந்தார். தன்னைத் தானே திட்டுவதில் அவருக்குப் பழக்கம் உண்டு. ஆனால் எழுத்தில் செய்வது இதுதான் முதல் தடவை. பேனா ஓடிய வேகம் அவருக்கே வியப்பாக இருந்தது.

'மேற்படி நபர், தெரிந்தே, திட்டமிட்டு, மாணவர்கள் கண்ணெதிரில் கம்பியை உடைத்துள்ளார். உடைந்தபோது மகிழ்ச்சி அடைந்துள்ளார். மாணவர்களையும் மகிழ்ச்சி அடையச் செய்துள்ளார். இப்படியே விட்டால் நாளை மற்ற கருவிகளையும் இயக்கிப் பார்க்கும் எண்ணம் மாணவர்களுக்கு வந்துவிடும். இவர் திருந்துவார் என்று நம்ப இடமில்லை. இரக்கம் காட்டுவது கல்லூரிக்கே ஆபத்து. இவரை உடனடியாக, கூடுமானால் ராத்திரி பஸ்ஸுக்கு முன்பாக, வேலையிலிருந்து நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

காலையில் அதைப் படித்த முதல்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் உங்க பக்கம்தான். ஆனா நானே எழுதியிருந்தாக்கூட இவ்வளவு கடுமையா எழுதியிருக்க மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டுத் தாளாளர் அறைக்கு விரைந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாரையும் அரங்கத்தில் கூட்டினார்கள். மேடையில் ஒரு தாம்பாளத்தில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் கம்பியின் இரண்டு துண்டுகள். நடுவில் தாளாளர். அவர் கையில் ஒரு நீல ஃபைல்.

இழுவை சாருக்கு அந்த ஃபைலைத் தெரியும். சேர்ந்த அன்று கொடுத்தது. பெட்டி படுக்கையைக் கட்டி வாசல் காவலாளியிடம் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். முதல் வரிசையில், சரியாக மைக்குக்கு எதிரே, எறிந்தால் விழுகிற தூரம் பார்த்து நின்றுகொண்டார்.

தாளாளர் தொண்டையைக் கனைத்தார்.

"இந்தக் காலேஜை நான் எப்படிக் கட்டிக் காப்பாத்தறேன்னு உங்களுக்கெல்லாம் தெரியும். இன்னிவரைக்கும் இங்க ஒரு சாமான் உடைஞ்சதில்ல. லைப்ரரியில போய்ப் பாருங்க. ஒரு புக்ல ஒரு மடிப்பு இருக்காது. வாங்கினப்ப இருந்த வாசனை அப்படியே இருக்கு. கம்ப்யூட்டர் லேப்ல பாதி கம்ப்யூட்டர் இன்னும் பெட்டியைவிட்டு வெளியவே வரலை. ஏன்? வெளிய எடுத்தா தூசி படியும். எத்தனையோ பசங்க வந்தாங்க, நாலு வருஷம் இருந்தாங்க, போனாங்க. யார் மேலயும் எதுவும் படலை. உள்ள வந்தப்ப எப்படி இருந்தாங்களோ அப்படியே வெளிய அனுப்பியிருக்கேன். இதைவிட ஒரு நிர்வாகம் என்ன செய்ய முடியும்?"

கைதட்டல். முதல்வர் முதலில் ஆரம்பித்துக் கடைசியில் முடித்தார்.

"அப்பேர்ப்பட்ட இடத்துல இந்த மனுஷன் என்ன பண்ணியிருக்கார், பாருங்க!" தாம்பாளத்தைக் காட்டினார். அவர் குரல் நடுங்கியது. "முதல்ல ஒண்ணை ரெண்டாக்கினார். அப்புறம் ஒட்டி வெச்சதை மறுபடியும் ரெண்டாக்கினார். நேத்து ராத்திரி நான் சாப்பிடலை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, இந்த ஃபைலைத் தூக்கி மூஞ்சியில எறிஞ்சுட்டு, ஓடுன்னு சொல்லணும்னுதான் இங்க வந்தேன்!"

ஃபைலைத் தலைக்கு மேலே தூக்கினார். இழுவை சார் இரண்டு கையையும் முன்னால் நீட்டினார்.

தாளாளர் அந்தக் கைகளைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

"பாருங்க... பாருங்கய்யா! கையை நீட்டிக்கிட்டு நிக்கறார். தண்டனையை ஏந்திக்கறதுக்குத் தயாரா நிக்கறார்." ஃபைல் மெதுவாகக் கீழே இறங்கியது. "தன் மேல குற்றம்னு தன் கையாலேயே எழுதியிருக்கார் இவர். என்னை டிஸ்மிஸ் பண்ணுங்கன்னு எழுதியிருக்கார். இந்தக் காலத்துல எவன் எழுதுவான்? நான் எழுதுவேனா? எங்க முதல்வர் எழுதுவாரா?"

முதல்வர் எழுத மாட்டேன் என்று பலமாகத் தலையாட்டினார்.

இழுவை சார் கைகளை இன்னும் உயர நீட்டி, "ஐயா!" என்று கூவினார். "வேண்டாங்கய்யா! நான் மன்னிப்புக்கு அருகதை இல்லாதவன்! எறிஞ்சுடுங்கய்யா!"

"கேட்டீங்களா? இதுதான் பண்பு!"

"இல்லங்கய்யா, நான் நிஜமாவே சந்தோஷப்பட்டுத்தான் உடைச்சேன்! விட்டா இன்னொண்ணும் உடைப்பேன்! எறிங்கய்யா, தயவுசெஞ்சு எறிங்க!"

அவர் குரல் உடைந்தது. கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. அது பொய்க் கண்ணீர் இல்லை என்பது அரங்கத்தில் கடைசி வரிசைக்கும் தெரிந்தது. ஸ்டோர்ஸ் அம்மாகூடப் புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

தாளாளர் மேடையிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். வந்து, ஃபைலோடு சேர்த்து இழுவை சாரைக் கட்டிக்கொண்டார். ஒரு கணம் அந்த நீல ஃபைல் இருவர் நெஞ்சுக்கும் நடுவில் இருந்தது. இழுவை சார் அதன் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கூடப் பார்த்தார். தாளாளரின் பிடி சிமெண்ட் மூட்டை தூக்கிப் பழகிய பிடி.

"இப்படி அழுகிற மனுஷனை நான் வெளிய அனுப்பினா எனக்கு நல்ல சாவு வருமா?" அவர் மைக்கை வாங்கிக்கொண்டார். "மன்னிச்சுட்டேன்! முழு மனசோட மன்னிச்சுட்டேன்! கம்பியையும் ஒப்படைக்க வேண்டாம். ராஜினாமாவையும் கிழிச்சாச்சு. இன்னியிலேருந்து அந்த மெஷினுக்கு இவர்தான் நிரந்தரப் பாதுகாவலர். சாவி இவர்கிட்ட இருக்கும். இவர் சர்டிபிகேட் என்கிட்ட இருக்கும். என் உயிர் இருக்கற வரைக்கும் அந்த பீரோவை விட்டு இது வெளிய போகாது. இது சத்தியம்!"

அரங்கமே எழுந்து நின்று தட்டியது. பசங்கள் விசிலடித்தார்கள். இழுவை சாருடைய கையை ஆளாளுக்குப் பிடித்துக் குலுக்கினார்கள். முதல்வர் காதருகே வந்து, "நான்தான் சொன்னேனே, உங்க பக்கம்தான்னு" என்றார்.

கூட்டத்திலிருந்து எப்படியோ பிய்த்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. எத்தனை தடவை அடித்து ஓய்ந்ததோ தெரியவில்லை. எடுத்தார்.

"என்னங்க, ஆச்சா?" மூச்சு வாங்க அவள் கேட்டாள். "டிஸ்மிஸ் பண்ணிட்டாங்களா?" பிள்ளை பிறந்ததா என்று கேட்கிறவள் குரலில் இருக்கிற ஆசை அதில் இருந்தது.

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இல்லம்மா."

"பின்ன?"

"மன்னிச்சுட்டாங்க."

உள்ளே கைதட்டல் இன்னும் ஓயாமல் போனில் அவளுக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அடப்பாவிங்களா!" என்றாள் கடைசியில். "யாரைக் கேட்டுங்க மன்னிச்சாங்க?"